மூன்றாவது பூச்சு

டன்லப் தெரு முனைச் சுவரில்
மூன்றாம் முறையாக அதே தெருவை வரைகிறோம்,
நானும் ஹுதாவும்.

பழைய மாட்டின் இடது கண்ணில்
யாரோ ஏர்கான் குழாயை இறக்கிவிட்டார்கள்.
சொட்டுச் சொட்டாய் அழுகிறது மாடு.
இருக்கட்டும் என்றாள் ஹுதா,
அதற்கும் காரணம் இருக்கும்.

நாணயமாற்றுக் கடைப் பலகையில்
எண்களை மட்டும் எழுதாமல் விட்டோம்.
பெயிண்ட் காயும் முன்னே மாறிவிடும்.
வீடியோக் கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை;
வாசலில் நின்றவனை அப்படியே நிற்கவிட்டு
கையில் இருந்ததை மட்டும் மாற்றினேன்.
ராவுத்தர் உணவகத்து ஜமால் வந்து
பெயரைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னான்.
இரண்டு தே ஹலியாவுக்கு
அரை அங்குலம் கூட்டினோம்.

முதல் வரைவில் ஒரு லாரி இருந்தது.
பின்தட்டில் ஆட்கள்,
மடியில் தலைக்கவசம்,
ஒருவன் அடுத்தவன் தோளில் தூங்குகிறான்.
குழு கூடியது.
நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்
கலகலப்பாக ஏதாவது, என்றார்கள்.
லாரி போய்ப் பூவண்டி வந்தது.
சாமந்திக்கே ஒன்றரை வாளி மஞ்சள்.

திறப்பு விழா முடிந்து
ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தோம்.
மணி ஆறு இருக்கும்.
சிவப்பு விழுந்தது.
சுவருக்கு எதிரே வந்து நின்றது ஒரு லாரி.
வெயில் அதற்கு அந்தப் பக்கம்.

சாமந்தி மேல்
பத்துத் தலைகள்.
மறுபடி எண்ணினேன், ஒன்பது.
ஒன்று சரிந்து
பக்கத்துத் தோளோடு சேர்ந்திருந்தது.

கட்டிய மூட்டையை அவிழ்த்து
ஹுதா தூரிகையைத் தேடினாள்.

பச்சை விழுந்துவிட்டது.