எட்டில் ஆறு

ஹீலியம் லாரி
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒன்றேகால் மணி நேரம் நின்றது.
நின்ற நேரத்துக்கு ஆவியானது போக மீதியை வைத்து
இரவு எட்டுக்கு மேல்தான் குளிரவைக்க ஆரம்பித்தோம்.
மன்னார்குடிப் புழுக்கத்தில்
குழாய்மேல் படிந்த பனியைச் சவுரிமுத்து
லுங்கித் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாதிரி, கடுகைவிடச் சற்றே பெரிய வில்லை.
டிஸ்ப்ரோசியம் இருக்க வேண்டிய இடங்களில்
பாதியில் யிட்ரியம் வைத்திருக்கிறேன்.
யிட்ரியத்துக்குக் காந்தம் கிடையாது.
கூட்டத்துக்கு வரும், உட்காரும்,
கை தூக்காது.

விதி ஒன்றுதான்.
நான்முகியின் நாலு முனையிலும் நாலு முள்.
இரண்டு உள்ளே பார்க்க வேண்டும், இரண்டு வெளியே.
எந்த இரண்டு என்று விதி சொல்லவில்லை.
பதினாறு வழியில் ஆறு சரி.
ஆறில் எது என்று குளிர் கேட்டுப் பார்க்கிறது,
இன்னும் குளிர்ந்து கேட்கிறது,
கடைசியில் கேள்வியோடேயே உறைந்துவிடுகிறது.

வெப்பத்தையெல்லாம் கூட்டி முடித்தால்
எப்போதும் ஒரு பாக்கி நிற்கும்.
எச்சம் என்று எழுதுகிறோம்.
எனக்கென்னவோ இலக்கணத்து எச்சம்தான் நினைவு வரும்:
'வந்து' என்று நின்றுபோன சொல்.
வந்து? வந்து என்ன?

முத்துப்பேட்டைக்குத் தெற்கே
பஸ் இறங்கி நான் வீட்டுக்கு நடக்கும் வழியில்
நாலு வாய்க்கால் கூடுகிறது.
தரை அவ்வளவு மட்டம்;
கடல் ஏறினால் ஒரு பக்கம் ஓடும், இறங்கினால் மறுபக்கம்.
எந்த வாய் எந்நேரம் எப்படி என்று
லஸ்கர் வைரக்கண்ணுவுக்கே தெரியாது.
ஆனாலும் இரண்டில் வந்தால் இரண்டில் போய்விடும்.

ஐப்பசியில் இறால் பண்ணைக்காரர்
ஒரு வாயை மண்மூட்டை போட்டு அடைத்தார்.
"ஒண்ணு கொறைஞ்சா வேலை கொறையும்னு நெனச்சேன் மேடம்.
இப்பதான் ஒண்ணும் புடிபடல."
இரண்டு வந்து ஒன்று போனாலும்
ஒன்று வந்து இரண்டு போனாலும்
கணக்கு நேராகவில்லை.
மிஞ்சின நீர் வரப்பேறி
ஜகபர் அலி வீட்டு மாட்டுக்கொட்டகை வரை போனது.

மூன்று முனைக்கு எட்டு வழி. அதில் ஆறு சரி.
நானும்தான் நினைத்திருந்தேன்,
நீர்க்க நீர்க்கப் பிணக்கும் நீர்த்துப்போகும் என்று.
ஒருவரை எடுத்ததும்
மற்ற மூவருக்கும் இடுப்புப்பட்டி தளர்ந்தது.
முதல் மூன்று மாதிரியிலும் எச்சம் ஏறியது.

இன்றைக்கு, விடியற்காலை மூன்று மணிக்கு,
பாதிக்குப் பாதியில், ஒரு சின்னப் பள்ளம்.
இருவர் மட்டும் மிஞ்சிய முனைகள் பெருகியிருக்கின்றன:
ஒருவர் உள்ளே என்றால் மற்றவர் வெளியே,
நாலில் இரண்டுதான், பேச்சுக்கே இடமில்லை.
இதையும் தாண்டி நீர்த்தால் மறுபடி ஏற வேண்டும்.
தனியாகிவிட்ட முள்ளுக்கு
உள்ளும் சரி, வெளியும் சரி, கேட்பாரில்லை.

பள்ளம் பிழைக்கோட்டைவிடச் சிறியது.
"இருக்கா, இல்லையா?" என்றார் சவுரிமுத்து.
இன்னொரு முறை அளக்க வேண்டும்.
ஹீலியம் இல்லை.

முதல் பஸ்.
வாய்க்கால் கூடும் இடத்தில் வெங்காயத்தாமரை
இரண்டாவது வாயையும் மூடியிருந்தது.
இதில் வந்தது அதில் போய்க்கொண்டிருந்தது,
கோடு போட்ட மாதிரி.
"ஒழுங்காயிடுச்சு போலிருக்கே" என்றேன்.
வைரக்கண்ணு தலையசைக்கவில்லை.
கீழண்டை வயல் வெடித்துக் கிடந்த பக்கம் ஒருமுறை பார்த்தார்.
பிறகு நாலு கட்டம் போட்ட பதிவேட்டைத் திறந்து
இரண்டு கட்டத்தில் கோடு இழுத்தார்.