பதினோரு எழுத்து

பூனாவிலிருந்து வந்த குழாயில்
மார்க்கர் மை பாதி அழிந்திருந்தது.
ஏஏவி, ஒரு கோடு, அப்புறம் ஓர் எட்டு.
எட்டா மூன்றா என்று
மீரான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.
கூடவே ஒரு தாள். தாளில் ஒரு வட்டம்.
வட்டத்தின் மேல் அம்புகள், நிறம் நிறமாக.
யாரோ நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள்.

எப்சிபா மேடம் தாளைக் கையில் வாங்கவில்லை.
"படம் கெடக்கட்டும். குழாய்க்குள்ள என்ன இருக்கு?"

அதற்கு ஆறு வாரம் ஆனது.

பாளையங்கோட்டையில் அப்போது ஐப்பசி.
மழைக்கு முன்னால் கரண்ட் போகும்,
போனால் மைனஸ் எண்பது பெட்டி கத்தும்,
கத்தினால் இசக்கிராஜ் மாடியிறங்கி ஓடி
ஜெனரேட்டரை ஓர் உதை விடுவான்.
இடையிடையே படித்தோம்.
ஒரு தடவைக்கு எண்ணூறு எழுத்து வரும்,
அதற்குமேல் சிகரங்கள் சரிந்து
ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும்.
ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் படியும்படி
ஒட்டி ஒட்டி வட்டத்தை மூடினோம்.

வைரஸ் என்ற சொல் காதில் விழுந்ததும்
வாட்ச்மேன் சுடலைமுத்து துண்டால் மூக்கை மூடினார்.
உள்ளே இருந்ததை வெளியேற்றிவிட்டு
நமக்கு வேண்டிய மரபணுவை வைக்கிறோம் அண்ணாச்சி, என்றேன்.
"அப்போ வீட்ட காலி பண்ணி வேற ஆளக் குடிவைக்கிய?"
அதேதான்.
பழைய ஆள் விட்டுப்போனது
இரண்டு வாசல்நிலை மட்டும்.
நாலாயிரத்து எழுநூறு எழுத்துக்குமேல் ஏறாது,
நம்ம ஊர் மினிபஸ் மாதிரி
படியில் தொங்க இடமில்லை.

அந்த வாசல்நிலைதான் பாடு.
நூற்று நாற்பத்தைந்து எழுத்து,
மாலைமாற்றுக்குத் தூரத்துச் சொந்தம்:
போகையில் ஏ என்றால் திரும்புகையில் டி,
போகையில் ஜி என்றால் திரும்புகையில் சி.
தன் இணையைத் தன்னிடமே கண்டு
மடிந்து, கைவிரித்து, ஒட்டிக்கொள்ளும்.
படிக்கப் போன நொதி அங்கே வந்து நின்றது
குலவணிகர்புரம் கேட் மூடினாற்போல.
அந்தப் பக்கமிருந்து ஒரு பிரைமர் அனுப்பினோம்,
அதுவும் நின்றது.
இரண்டு பக்கமும் ஹாரன் சத்தம்,
நடுவே படிக்கப்படாத தண்டவாளம்.

ஸ்மா நொதியால் வெட்டிப் பார்த்தோம்.
ஜெல்லில் பட்டைகள் வரவேண்டிய இடத்தில் வந்தன.
இரண்டு முனையும் சரி என்றது கத்தி.
மீரானுக்கு மனசு கேட்கவில்லை.
சூட்டைக் கூட்டி, மடிப்பை இளக்க மருந்து சேர்த்து
வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகுமுன் ஒரு முறை ஓட்டினான்.
இடது முனை நூற்று நாற்பத்தைந்து.
வலது முனை நூற்று முப்பத்து நாலு.

"விடுங்கக்கா," என்றான் இசக்கிராஜ்.
"பெருகும்போது மறுமுனையப் பாத்து
அதுவே சரிபண்ணிக்கிடும்.
முழுசா வரைஞ்சிட்டுப் போவோம்."
அவன் சொன்னது பொய்யில்லை. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.
நானும் மவுஸை எடுத்தேன்.

அந்த மாலை பஸ் ஸ்டாப்பில்
பார்வையற்றோர் பள்ளிப் பையன் ஒருவன்
கோலைத் தட்டிக்கொண்டு வந்தான்.
குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் கோல் இறங்கியது.
ஓரடி பின்வாங்கினான், சுற்றிக்கொண்டு போனான்.
மாநகராட்சிப் படத்தில் அங்கே நடைபாதை.
எங்கள் குழாயில் இருந்ததும் விழித்திரைக்கான மரபணு.
அவனுக்கானது என்று சொல்ல மாட்டேன்.
எலிக்கே இன்னும் போகவில்லை.

மறுநாள் வலது அம்பை
பதினோரு எழுத்து குட்டையாக வரைந்தேன்.
திரையில் அது ஒரு மயிரிழைகூட இல்லை.
அந்த எழுத்துக்கு அப்புறம் வந்த எண்களையெல்லாம்
ஒவ்வொன்றாகக் கழித்து மாற்ற
மதியச் சாப்பாடு நாலு மணியாகிவிட்டது.

பூனாவுக்கு எழுதினோம்:
உங்கள் வட்டத்தில் பதினோரு எழுத்து அதிகம்.
மூன்றாம் நாள் பதில் வந்தது.
நாங்கள் படித்ததில்லை,
எங்களுக்கும் படத்தோடுதான் வந்தது.

மேடம் வாசித்துவிட்டு
பெட்டியிலிருந்த மற்றக் குழாய்களை
எடுத்து மேசையில் வைத்தார்.
இருபத்தேழு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் இருந்தது.