பதினேழாவது பலகை

பிறைத் தொழிற்பேட்டையில்
டயர்க் கடைக்குப் பின்னால் எங்கள் கொட்டகை.
கெனாஃப் நாரும் சுண்ணாம்பும் பிசைந்த கையோடு
மூக்கைச் சொறிந்துகொள்ளக்கூட முடியாமல் நிற்கிறேன்.

நான்கு மாதத்தில் இரண்டு ஆள் உயரம் போகும் செடி.
புளிச்சைக்கீரையின் சொந்தம்தான்.
இலையைக் கடைந்து உண்டவர்கள் தண்டை எறிந்தார்கள்.
எனக்கு அந்தத் தண்டு போதும்.

முதல் பலகை தண்ணீர் குடித்து உப்பியது.
நான்காவதைக் கரையான்
ஓரத்தை மட்டும் மரியாதைக்கு விட்டுவிட்டுத் தின்றது.
ஒன்பதாவதில் காளான்.
ஹஸ்லிண்டா அதைப் படமெடுத்து
"அறுவடை" என்று எழுதி
கடன் கொடுத்தவர் உட்பட எல்லாருக்கும் அனுப்பினாள்.

பதினேழாவதைப் பார்க்க
குத்தகைக்காரர் ஊய் வந்தார்.
ஆணி அடித்தார். பிடுங்கினார். முகர்ந்தார்.
காது வைத்துத் தட்டினார், தேங்காய் வாங்குகிறவர்போல.
"எத்தனை வருடம் நிற்கும்?"

சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும்,
காற்றை உள்ளிழுத்து இழுத்து;
நாம் வெளியே விட்டதும் அதில் கொஞ்சம் இருக்கும்
என்று தொடங்கினேன்.
"வருடம்," என்றார் மறுபடியும்.

தெரியாது. செய்து இருபத்தெட்டு நாள்தான் ஆகிறது.

சிரிக்கவில்லை. பலகையை லாரியில் ஏற்றினார்.
தன் பட்டறைக் கழிவறையின்
மழை அடிக்கும் பக்கம் மாட்டுவாராம்.
"விழுந்தால் போன் பண்ணுகிறேன்."

இன்றோடு மூன்று நாளாக மழை.
பாலம் தெரியவில்லை, தீவும் தெரியவில்லை.
போனை நெஞ்சுப் பையில் வைத்திருக்கிறேன்.
அடிக்கவே கூடாத ஒரு போனுக்கு
இப்படிக் காத்திருப்பது
எனக்கு இதுதான் முதல் தடவை.