இரண்டு துவக்குவெடித் தூரம்

கடிதம் சொல்வது இவ்வளவுதான்:
முகத்துவாரத்திலிருந்து இரண்டு துவக்குவெடித் தூரத்தில்
வெள்ளை மணல்மேட்டில்
பாய்த்துணியைக் கூரையாகக் கட்டிப் பூசை வைத்தோம்.
காற்று மெழுகுதிரியை நிற்க விடவில்லை.

பிரதியின் பிரதி. கோவாவுக்குப் போனதாம்.
அனுப்பியவர் பெயர் இருக்கிறது, திகதியில் பாதி இருக்கிறது.
பங்கு மண்டபத்தில் பதினொரு பேர் அதைச் சுற்றி.
பன்னிரண்டாவது நான், நில அளவையாளர்.
எனக்கு ஞானஸ்நானப் பெயர் கிடையாது.
பக்கம் சாயமாட்டேன் என்றுதான் கூப்பிட்டார்களாம்.

புளியந்தீவார் கோட்டைப் பக்கம் என்கிறார்கள்.
பாலமீன்மடுவார் சிரிக்கிறார்கள்,
அப்போது கோட்டையே இல்லையே கா.
யூஜின் ஒக்கஸ், கராஜிலிருந்து கிறீஸ் கையோடு வந்தவர்,
கடிதத்தைத் தொடாமல் குனிந்து பார்க்கிறார்:
"முகத்துவாரம் எண்டு ஆர் சொன்ன?
பார்ரா எண்டு கிடக்கு.
எங்கட வீட்டில மணல்திட்டிக்கும் அதுதான் பேர்."
பிலோமினா ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
மேசையில் வைக்கிறார்.
தேத்தண்ணி கொண்டுவந்த பெடியன் வாசலோடு நின்றுவிட்டான்.

"துவக்குவெடித் தூரம் எண்டா எவ்வளவு?"
இளம் சாமி கேட்டார். ஊருக்கு வந்து நாலு மாதம்.
யாரும் வாய் திறக்கவில்லை.
எது வாவிக்கு அந்தப் பக்கம்
எது அடுத்த ஒழுங்கை
எதற்குக் கட்டிலுக்குக் கீழே போக வேண்டும்,
அந்த அளவையைக் காதால் படித்தவர்கள்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
இருநூறு மீற்றர், என்றேன். அந்தக் காலத்துத் துவக்கு.
எழுதிக்கொண்டார்.

மறுகா வீட்டில், இரவு,
ஒல்லாந்தர் படத்தின் மேல் வெள்ளைக்காரன் படம்,
அதன் மேல் விமானப் படம்,
கடல் உள்ளே வந்த மார்கழிக்கு முந்தியது ஒன்று, பிந்தியது ஒன்று.
ஐந்து படம், ஐந்து வாய்.
வயல் தாழுதென்று மாரியில் வெட்டுவார்கள்,
கோடையில் மணல் வந்து தன்பாட்டில் மூடும்.
அடுத்த வெள்ளத்துக்கு அது எங்கே திறக்குமென்று
கச்சேரிக்கும் தெரியாது.
கவராயத்தை நானூறில் வைத்து ஐந்து தரம் சுற்றினேன்.
மூன்று வட்டம் ஒன்றையொன்று வெட்டிய இடத்தில்
படம் நீலமாக இருந்தது.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிய
மரியசீலனின் தோணியில் ஏழு பேர்.
மற்றவர்களுக்குத் தண்ணீர் பயம், அல்லது
புள்ளி தங்கள் பக்கம் விழாத கோபம்.
கருவி சத்தமிட்ட இடத்தில் இஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.
சுற்றிவர ஒன்றுமில்லை.
இறால்கூட்டுத் தடிகள், தடியில் ஒரு நீர்க்காகம்,
தூரத்தில் கல்லடிப் பாலத்து இரும்பு.
யாரோ செபமாலையை எடுத்து, என்ன தேவரகசியம் என்று யோசித்து,
திரும்பவும் சட்டைப்பைக்குள் போட்டார்.

வலைக்காரன் ஒருவன் தண்டு வலித்துக் கிட்ட வந்தான்.
சாமியின் வெள்ளை அங்கியைப் பார்த்தான்.
தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தான்.
"ஆரைத் தேடுறீங்க?" என்றான்,
மெதுவாக, செத்த வீட்டில் கேட்பதுபோல.
வாவி நடுவே ஆள் நிறைந்து ஒரு தோணி நின்றால்
இங்கே அதற்கு அது ஒன்றுதான் அர்த்தம்.

ஒக்கஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
பிலோமினா ரீச்சர் தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
ரீச்சருக்கு ஒரு தம்பி இருந்ததை
நான் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

"சும்மாதான், மனே," என்றான் மரியசீலன்.
வலைக்காரன் நம்பவில்லை.
நாங்கள் கிறுகிப் போகும்வரை
வலையை வீசாமல் வைத்திருந்தான்.

அறிக்கை அரைப் பக்கம்:
ஆழம் ஆறரை அடி. அடியில் சேறு.
ஞாபகக்கல் நாட்ட ஏற்றதல்ல.
கூலியில் பாதி வந்தது. மீதிக்கு
வியாழக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானமாம்,
பாலமீன்மடுவார் வேறொரு அளவையாளரைக் கூட்டிவருகிறார்களாம்.
கடைசி வரியாக
காற்று: கச்சான், பலம், என்று எழுதியிருந்தேன்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.