பதினாறு முதல் இருபத்தெட்டு வரை

ஜூலை. தென் நியூசிலாந்தின் குளிர்.
கோர் நகரத்து ஆட்டுச்சந்தைக் கொட்டகையில்
வருடத்துக்கொரு துப்பாக்கிக் கண்காட்சி.
ஹீட்டர் இரண்டு, எரிவது ஒன்று.
என் மேசையில் நூறு வருடத்து இரும்பு:
போல்ட் தலைகள், பட்டைகள், ஸ்பிரிங்குகள்,
ஒவ்வொன்றுக்கும் நூலில் கட்டிய விலைச்சீட்டு.
முழுத் துப்பாக்கி விற்பவன் நிமிர்ந்து உட்கார்வான்.
உதிரி விற்பவனுக்குப்
பூதக்கண்ணாடி வளைத்த முதுகு.

ஐல்சா மெக்நீஷ்
கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே
புகையிலை டப்பாவைத் திறந்தாள்.
"பக்கத்து மேசைக்காரர் நகல் என்றார்.
இருபது டாலர் தருகிறாராம்."
பக்கத்து மேசையில் ட்ரெவர் பாஸ்கோ
பிளாஸ்க் மூடியை மும்முரமாகத் திருகிக்கொண்டிருந்தான்.

சின்ன இரும்புத் தகடு. ஒரு முள்.
வளைவில் எண்கள், பதினாறிலிருந்து இருபத்தெட்டு.

நகலை நான் அறிவேன்.
அது அச்சில் வார்த்தது, தோலில் மணல் இருக்கும்.
எண்களின் ஓரம்
தேநீரில் நனைத்த பிஸ்கட்டாய் மழுங்கியிருக்கும்.
வினிகரில் ஊறப்போட்டுத் துருவேற்றுவார்கள்,
அந்தத் துருவுக்கு எல்லா இடத்திலும் ஒரே வயது.
நிஜத்துக்கு அந்த ஒழுங்கு வராது.

புரட்டினேன்.
பின்புறம் உளி இழுத்த கோடுகள்,
அவசரமில்லாத யாரோ ஒருவருடையவை.
மூலையில் எறும்புத்தலை அளவு கிரீடம்,
அதன் கீழ் ஓர் எண்.

பதினொரு வருடம் தேடியது இது.
வீட்டில், என் துப்பாக்கியின் இடது விலாவில்
இது இருந்த பள்ளத்தை யாரோ மரத்துண்டால் அடைத்திருக்கிறார்கள்,
பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சு வைத்த மாதிரி.

"முப்பது" என்ற சொல் நாக்கு வரை வந்தது.
வந்ததை மறைக்க மாட்டேன்.
இருமினேன்.
"நானூற்று இருபது" என்றேன்.
ட்ரெவரின் மூடி நின்றது.

"எதற்கு உதவும் இது?"

சொன்னேன்.
ஆயிரத்து அறுநூறு கஜத்தில் தொடங்கி
இரண்டாயிரத்து எண்ணூறு வரை.
அவ்வளவு தொலைவில் ஆள் தெரியாது,
கும்பல் தெரியும், புழுதி தெரியும்.
ஒரு படைப்பிரிவே முள்ளைத் திருப்பிவைத்து
வானத்தைப் பார்த்துச் சுடும்.
"பட்டதா?"
"போய்ப் பார்த்து வந்தவர் இல்லை.
போரின் நடுவிலேயே வீண் செலவென்று கைவிட்டார்கள்.
பிடுங்கி எறிந்ததால்தான் இந்த விலை."

அவள் சிரித்தாள்.
"எங்கள் வீட்டில் கோழிக்கூட்டுக் கதவில் இருந்தது.
காலையில் முட்டை எண்ணி முள்ளைத் திருப்புவோம்.
பதினேழு என்றால் பதினேழு.
அப்பா வந்ததும் அதைத்தான் பார்ப்பார்."

"பதினாறுக்குக் கீழே போனால்?"

"பதினாறிலேயே விட்டுவிடுவோம்.
இருபத்தெட்டு ஒருநாளும் வந்ததில்லை."

பிறகுதான் கண்ணில் பட்டது,
இருபத்துமூன்றின் வளைவுக்குள் பச்சை பெயின்ட்.
சுரண்டினால் விலை ஏறும்.
இங்கே வருகிறவர்கள்
போர்க்களத்துச் சேற்றுக்குக் கூட்டிக் கொடுப்பார்கள்,
கோழிக்கூட்டுப் பெயின்டுக்குக் கழிப்பார்கள்.
விரல்நகத்தைக் கொண்டுபோய்
பாதியில் எடுத்துவிட்டேன்.

நோட்டுகளை எண்ணி வைத்தேன். ரசீதில்:
அசல். முள் உண்டு. பச்சை உண்டு.
திருகாணி இல்லை.

எழுதி முடித்த பிறகும் கேட்டேன்,
"திருகாணி?"

"மடௌரா ஆறு வீட்டுக்குள் வந்த வருடம்,
முழங்கால் தண்ணீரில் நின்று
அப்பா இதை மட்டும் கழற்றினார்.
திருகாணி ஈரக்கையில் நழுவிவிட்டது.
மறுநாள் கூடே இல்லை.
கோழிகளை அடுக்களையில் வைத்திருந்தோம்."

மாலை, மேசையை மடித்து ஏற்றிப் புறப்பட்டேன்.
பாலத்தில் வண்டியை மெதுவாக்கினேன்.
பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.
அவனுக்கு எங்கே தெரியும்,
மூலத் திருகாணி, தனியாக வந்தாலும்,
இன்றைய நிலவரத்தில் தொண்ணூறு டாலர்.