ஈரத்தீக்குச்சி

நாய் குரைத்து விடியுமா என்பார்கள்.
தம்பெரே நகரில் நவம்பர் கடைசியில்
ஒன்பது மணிக்குத்தான் விடியும்.
அதற்குள் எங்கள் அலுவலகத்தில்
ஆயிரத்து எழுநூறு முறை குரைத்தாகியிருக்கும்.
எண்ணுவது என் வேலை.

முன்பு பஞ்சாலையாக இருந்த கட்டடம்.
கீழே ஆறு பாறைகளோடு சண்டை பிடித்தபடி போகிறது.
மூன்றாம் மாடியில் நான்
வசவுகளைப் பிரித்து, தரம் போட்டு,
ஒரு சிவப்புக் கோடாக்கி
மர்யுக்காவின் திரைக்கு அனுப்புவேன்.
கோடு ஏறிய நாட்களில்
பட்டைத்தூள் தூவிய ரொட்டி வாங்கி வருவாள்.

எங்கள் விளையாட்டின் நாயகி
பனிக்கடலில் சீல் வேட்டையாடுகிறவள்.
வயது முப்பத்தொன்பது.
மூக்கு ஒருமுறை உடைந்து
கோணலாகச் சேர்ந்திருக்கிறது.
அந்த மூக்கை வரைந்தவள் தைமி.
பதினோரு வாரம் வரைந்தாள்.

"முதல் படத்தில் மூக்கு தெரியட்டும்" என்றாள் மர்யுக்கா,
"வெளிச்சமும் அங்கேயே விழட்டும்."
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்காமல் இருக்கத்தான் சம்பளம் என்று
இப்போது சொல்லிக்கொள்ளலாம்.
எனக்கு அப்போதே புரிந்திருந்தது.

வந்தான் ஈரத்தீக்குச்சி.
அவனே வைத்துக்கொண்ட பெயர்.
எந்த ஊர், என்ன வயது, தெரியாது.
அதிகாலை மூன்றிலிருந்து ஐந்துவரை எழுதுவான்.
தூக்கம் வராதவன், இல்லையென்றால்
முதல் பேருந்தை ஓட்டுகிறவன்.
"இது பெண்ணா, உருளைக்கிழங்கா" என்று ஆரம்பித்தான்.
காற்புள்ளி ஒன்றுகூடத் தவறவில்லை.

நனைந்த குச்சிதான்.
உரசியதும் ஊரே பற்றிக்கொண்டது.
எதிர்த்தவர்கள் வந்தார்கள்,
எதிர்த்தவர்களை எதிர்த்தவர்கள் வந்தார்கள்,
இரண்டு பக்கமும் வேண்டாம் என்று சொல்ல
மூன்றாவதாக ஒரு கூட்டம்.
விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணம்
தொடாமல் கிடந்தது.
முன்பதிவு மூன்று மடங்கு.

தைமியின் முகவரியைக் கண்டுபிடித்து
யாரோ உருளைக்கிழங்கு அனுப்பினார்கள்.
இருபது கிலோ, சாக்கோடு.
மர்யுக்கா சாக்கைப் படமெடுத்து
"மிகவும் வருந்துகிறோம்" என்று அறிக்கை விட்டாள்.
அறிக்கை வெளிவந்த அந்த ஒரு மணி நேரம்
என் கோட்டில் தனிச் சிகரம்.
கிழங்கை வீணாக்க மனமில்லாமல்
தைமி அலுவலக அடுப்பில் வேகவைத்தாள்.
வெண்ணெயும் சதகுப்பை இலையும் போட்டு
எல்லோரும் சாப்பிட்டோம்.
நன்றாகத்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை.
புதன். வியாழன்.
கோடு படுத்துவிட்டது.
"அவனுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ"
என்று சன்னலோரம் நின்று கேட்டாள் மர்யுக்கா,
பள்ளி விட்டு மகன் வரத் தாமதமானால்
கேட்கிற அதே குரலில்.

எனக்குத் தெரியும் அவனுக்கு என்ன ஆயிற்று என்று.
திங்கள் இரவு முன்பதிவுப் பட்டியலில்
அவன் பெயர் இருந்தது.
பொம்மைச் சீல் சேர்த்த பெரிய பெட்டி,
முழுப்பணமும் கட்டியாயிற்று.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளி அதிகாலை மூன்று பத்துக்கு
புதிதாக ஒருவன் முளைத்தான்.
பெயர் காய்ந்ததீக்குச்சி.
முன்னவனைவிடக் கூரான கை.
மூக்கை விட்டுவிட்டு,
"இடக்கன்னத்து மீன்முள் தழும்பை
ஏனடா மறைத்தீர்கள், கோழைகளா" என்றான்.
கோடு துள்ளி எழுந்தது.

காலையில் ரொட்டி வந்தது.
தைமி என் தோளுக்குப் பின்னால் நின்று
அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

தழும்பு இருந்தது மூன்றாம் வரைவில்.
ஒரே ஒரு பிற்பகல்,
இதே சுவரில் தொங்கியது.
ஐந்து பேர் பார்த்தோம்.
அழிக்கச் சொன்னது மர்யுக்கா.

தைமி ஒன்றும் பேசவில்லை.
பட்டைத்தூள் ஒட்டிய விரலால்
தன் இடக்கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள்.
எதிர் மேசையில் மர்யுக்கா
கண்களைக் கசக்கி
ஒரு கொட்டாவியைக் கைக்குள் விட்டாள்.

மணி ஒன்பதரை.
ஆற்றின்மேல் சாம்பலாய் விடிந்திருந்தது.
ஆயிரத்து எழுநூற்று ஒன்று.
அதையும் சேர்த்துக்கொண்டேன்.