பதினான்காவது வளைவு

பழைய காரில் புது ஸ்பீக்கர்.
செவ்வாய்ப்பேட்டைக் கடைப் பையன் கதவைப் பிரித்து
பஞ்சு ஒட்டி, ஒயர் மாற்றி,
"இனிமே கேளுங்கண்ணா" என்று
பதினாலாயிரத்து எழுநூறு வாங்கிக்கொண்டான்.

கேட்டேன்.
கேட்கக் கேட்கச் சந்தேகம் வந்தது.

ப்ளூடூத்தில் வந்தால் சலங்கை
நமுத்த பொரி மாதிரி இருக்கிறது.
பென்டிரைவில் அதுவே
கொலுசுப் பட்டறையில் எண்ணிப் போட்ட மணி.
ஆக்ஸ் ஒயரில் ஆல்டர்னேட்டரும் கூடப் பாடும்;
மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும்.
சீடியில் மட்டும்
சரணத்துக்கு முன்னால் அந்தப் பாடகி
மூச்சை இழுப்பது கேட்கும்.

நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன்.
ஒரே பாட்டு. ஒரே வால்யூம், பதினெட்டு.
ஒரே ரோடு: அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி
அடிவாரச் செக்போஸ்ட்டிலிருந்து மேலே.
ஊருக்குள் ஓடியதெல்லாம் கணக்கில் சேராது, ஹாரன்.
நாலு ஞாயிறு.

பூங்கோதை பக்கத்தில் வந்தாள்,
மடியில் நோட்டும் ஒரு பை கொய்யாவும்.
"எப்படி இருக்கு?"
"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு."
"பல்லவி முடிஞ்சதும் வயலின், கவனிச்சியா?"
"ம்."
அந்த "ம்" ஒரு வளைவு தாமதமாக வந்தது.
இவளுக்கு ரசனை இல்லை என்று
அவள் கட்டத்தில் கோடு இழுத்தேன்.

ஐந்தாம் ஞாயிறு, ரேடியோ பாக்கி.
நேயர் விருப்பத்துக்கு மூன்று நாள் போன் அடித்து
அதே பாட்டைக் கேட்டு வாங்கியிருந்தேன்.
"சூரமங்கலம் தணிகைவேலு" என்று
என் பேரை எனக்கே புதுசாகச் சொன்னார்கள்.

ஒன்பதாவது வளைவு வரை சுத்தம்.
பிறகு மலை குறுக்கே வந்து நின்றது.
பதினான்கில் கரகரப்பு;
இடதும் வலதும் கலந்து
பாட்டு ஒற்றைக் குழாயாகச் சுருங்கியது.
"சிக்னல் குறைஞ்சா ஸ்டீரியோவை விட்டுடும்,
எல்லாத்தையும் ஒண்ணாப் பிசைஞ்சு குடுக்கும்.
பூஜ்யம்னு எழுது."

அவள் எழுதவில்லை.
"இதென்ன வயலின்?" என்றாள்.
"எந்த வயலின்?"
"இப்ப வருதே.
இந்தப் பாட்டுல வயலினா இருக்கு?"

ஓரங்கட்டினேன்.
ஒரு குரங்கு வந்து கொய்யாவைப் பார்த்தது.

வயலினை வலப்பக்கம் மட்டும் வைத்துப் பதிந்திருக்கிறார்கள்.
நாலு ஞாயிறும் அது என் காலடியில் வாசித்து
எஞ்சினோடு போயிருக்கிறது.
அவளது வலது காது
ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கியோடு போனது.
தெரியாதா எனக்கு?
கடைவீதியில் எப்போதும் என் வலப்பக்கம் நடப்பாள்.
போனை இடது கையில்தான் எடுப்பாள்.
தெரியும்.
காரில் ஓட்டுகிறவன் வலது பக்கம் என்பதும் தெரியும்.
இரண்டையும் பக்கத்தில் வைத்து
ஒப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

ஏழு வருஷம்.
ஓமலூர், தாரமங்கலம், மேட்டூர்.
அவள் அப்பா போன அன்று ராத்திரி
ஆத்தூர் வரைக்கும் நான் சொல்லிக்கொண்டே போன ஆறுதல்
முழுக்கப் பூட்டிய கதவில்.

"ஏன் சொல்லல?"
"வாய் அசையும்ல. பாதி புரியும்.
மீதிய நானே போட்டுக்குவேன்."

மீதியில் என்ன போட்டாள் என்று
கேட்கத் தைரியம் வரவில்லை.
பாட்டு முடிந்து நகைக்கடை விளம்பரம் வந்திருந்தது.

மேலே டீ குடித்தோம். ஏரிப்பக்கம் போகவில்லை.
இறக்கத்தில் சாவியை அவளிடம் கொடுத்தேன்.
ரேடியோவை அணைத்தேன்.
நல்ல காது இப்போது என் பக்கம்.

இருபது, பத்தொன்பது, பதினெட்டு.
பன்னிரண்டு வரை
எதைச் சொல்வதென்று தெரியவில்லை.
பிறகு, "செகண்ட்லயே எறங்கு" என்றேன்,
பழைய வால்யூமில்.

"கேக்குதுங்க" என்றாள்.
"கத்தாதீங்க."